இருபத்துநாலு கிலோ

சவரியம்மாளுக்கு அரிசி குறைந்தது உண்மைதான்.
நாற்பது சிப்பம்,
சிப்பத்துக்கு அறுநூறு கிராம்.
கோளாறு எங்கள் தராசில்.
பணத்தைத் திருப்பித் தருவதென்று
திங்கட்கிழமையே முடிவாகிவிட்டது.

மேனேஜர் சாத்தப்பன் எழுதிக் கொடுத்த கடிதம்
பொருள், பார்வை என்று தொடங்குகிறது.
தங்களின் மூன்றாம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம்.
புதுவயலில் எங்கள் ஆலை நாற்பத்தோரு வருடமாக.
அரிசியில் ஈரப்பதம் காய்வது பற்றி ஒரு பத்தி.
'குறை இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும்.'
அப்புறம் எங்கள் பெருந்தன்மை.
பணம்
தாளைத் திருப்பினால் இருக்கிறது,
கடைசிப் பந்திக்கு வந்த அப்பளம் மாதிரி
நொறுங்கி.

அதைத் தூக்கி மேலே வைத்தேன்.

'உங்கள் கணக்கில் ரூ. 1,248 வரவு வைத்துவிட்டோம்.
நீங்கள் எழுதியது சரி.
நாற்பது சிப்பத்தில் இருபத்துநாலு கிலோ குறைந்திருந்தது.
தராசைச் சரிசெய்தாயிற்று.
அடுத்த பில்லில் இந்தத் தொகை கழிந்திருக்கும்.'

கையெழுத்துக்குக் கீழே
பாதித் தாள் சும்மா கிடந்தது.

சாத்தப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.
எடுத்த எடுப்பிலேயே கொடுத்துட்டா
நம்ம மதிப்பு என்னம்மா ஆகும்?
கொடுக்கத்தானே சார் போறோம்,
அதை ஏன் அழுதுக்கிட்டே கொடுக்கணும்?
வெளியே உமி லாரி ரிவர்ஸ் எடுத்தது.
அது நிற்கும்வரை அவர் பேசவில்லை.
நின்ற பிறகும் பேசவில்லை.
'வைத்துவிட்டோம்' என்பதை
'வைக்கப்பட்டுள்ளது' என்று திருத்திக்
கையெழுத்துப் போட்டார்.
யார் வைத்தார்கள் என்றே தெரியாத வரவு.
அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தேன்.

வியாழக்கிழமை தேவகோட்டையிலிருந்து போன்.
மெஸ்ஸில் பாத்திரம் உருளும் சத்தம்.
லெட்டர் வந்துச்சு, வாசிச்சேன். அப்புறம்?
அவ்வளவுதாம்மா.
பின்பக்கம் ஒண்ணுமில்லியே?
ஒண்ணுமில்லை.
'ஆனால்'னு ஒண்ணு வரணுமே, அதைக் காணோமே?
வராது.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
உலை கொதிப்பது கேட்டது,
அல்லது லைன் இரைந்தது.
பயலை விட்டும் ஒருக்கா வாசிக்கச் சொன்னேன், என்றார்.
அவனும் அதையேதான் சொல்றான்.

நன்றியெல்லாம் சொல்லவில்லை.
அடுத்த மாசத்துக்கு நாற்பது சிப்பம்,
எடை போட்டுத்தான் இறக்குவேன் என்றார்.
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

இன்றைக்கு வேறு கடிதம்.
சனிக்கிழமை எடைமேடையில் பராமரிப்பு வேலை,
நெல் லாரிகள் இரண்டு மணிக்கு மேல் வரவேண்டும்.
இதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.
சாத்தப்பன் அதற்கும்
'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்'
என்று ஆரம்பித்திருந்தார்.
போன வருடம் இதே வரி போய்ச் சேர்ந்து
கண்டனூர் மண்டி வைரவன்
முதல் வரியோடு கடிதத்தை மடித்துவிட்டு
ரோஜாமாலையோடு வந்து இறங்கினார்.
எல்லோரும் உயிரோடு நின்றிருந்தோம்.
மாலையை யாருக்குப் போடுவதென்று தெரியாமல்
எடைமேடைக் கம்பியில் மாட்டிவிட்டு
டீ குடித்துப் போனார்.

வருத்தத்தை அடித்தேன்.
அந்த இடத்தில் மகிழ்ச்சியையும் வைக்கவில்லை.
சனி. இரண்டு மணி. பின்வாசல் வழியாக.
முப்பத்தாறு பிரதி.

பசை தீர்ந்திருந்தது.
டிபன் பாக்ஸின் மூலையில் ஒட்டியிருந்த சோற்றைப் பிசைந்து
உறைகளை ஒட்டினேன்.
முப்பத்துநாலு வரை வந்தது.